மின்சாரம் போன இரவும் குழாய்த் தண்ணீரும்: போரோடேல் காட்டேஜ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரி மாவட்டத்தில், போரோடேல் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் இறுதியில் பள்ளிகளுக்கு அரைத்தவணை விடுமுறை விட்டிருந்த வாரத்தில், அங்கே வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே பதிவுசெய்கிறேன். பெரிய விபத்து எதுவும் நிகழவில்லை. யாரும் நோய்வாய்ப்படவும் இல்லை. ஆயினும், அந்த ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சிறிய முகவர் நிலையத்தின் வழியாக விடுமுறை வீடு எடுக்கும்போது நமக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பதை அந்த இரண்டு நாட்களில் நாங்கள் கற்றுக்கொண்டோம். முகவர் நிலையத்தையோ வீட்டு உரிமையாளரையோ பெயர் சொல்லிக் குறிப்பிடப்போவதில்லை. இந்த ஆய்வுக்கு அது தேவையும் இல்லை.

காட்டேஜ் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ காவலாளி ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டு, அவர் மனைவி சமைத்துத் தரும் வீடுதான். பிரிட்டனில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே நீங்கள் போய்ச் சேரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். சுவரில் பதித்த சிறு பெட்டியில் எண்களைத் திருகினால் சாவி கிடைக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் முதல் உப்பு வரை நீங்களே கொண்டுபோக வேண்டும். நீங்களே சமைத்து, நீங்களே பாத்திரம் கழுவி, குப்பையையும் பிரித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நுழைவதும் அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்கு வெளியேறுவதும் பழைய வழக்கம். சில இடங்களில் அது வெள்ளிக்கிழமையாக இருக்கும். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் துப்புரவு செய்பவர் வந்து படுக்கை விரிப்புகளை மாற்றி அடுத்த குடும்பத்துக்கு வீட்டைத் தயார்செய்வார். அந்த ஒருவர்தான் இந்தத் தொழிலின் அச்சாணி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டைத் தேர்ந்தெடுத்த விதம்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்ததால்தான் ஓட்டலைத் தவிர்த்து வீடு தேடினோம். அம்மா சைவம், வெங்காயம் பூண்டு சேர்க்காத நாட்களும் உண்டு. ஏழு நாளும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் கொடுத்து அவரைச் சமாளிக்க முடியாது. லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து எம்1, எம்6 நெடுஞ்சாலைகள் வழியாக பென்ரித் வரை சென்று, அங்கிருந்து ஏ66 சாலையில் கெஸ்விக் வர ஏறத்தாழ 300 மைல். அந்தத் தொலைவுக்குக் கரண்டி முதல் கல்சட்டி வரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம் என்பது வேறு கதை.

பெரிய முன்பதிவு நிறுவனங்களின் தளங்களில் அந்தப் பள்ளத்தாக்கில் ஏராளமான வீடுகள் இருந்தன. நாங்கள் கடைசியில் எடுத்த வீடு, கெஸ்விக்கில் இரண்டு அறைகளில் இயங்கும், சில டஜன் வீடுகளை மட்டுமே கவனித்துக்கொள்ளும் ஒரு முகவர் நிலையத்திடம் இருந்தது. தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டேன். சமையல் அடுப்பு கேஸா, மின்சாரமா? படியேற முடியாத அம்மாவுக்குத் தரைத்தளத்தில் படுக்கையறை உண்டா? முதன்மைச் சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதை எவ்வளவு செங்குத்து? தொலைபேசியை எடுத்த பெண்மணி எந்தத் திரையையும் பார்த்து வாசிக்காமல் பதில் சொன்னார். அடுப்பு கேஸ்தான், வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய சிவப்பு சிலிண்டர்கள் இருக்கும், நான்கில் ஒரு பர்னர் மட்டும் தீக்குச்சி வைத்தால்தான் பற்றும் என்றார். கீழே படுக்கையறை உண்டு, ஆனால் குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும் என்றார். பாதையில் மழைக்காலத்தில் முதல் கியரில் நிறுத்தாமல் ஏறிவிட வேண்டும் என்றார். இதற்கு முன் நான் பேசியிருந்த பெரிய நிறுவனத்தின் அழைப்பு மைய ஊழியர் இதே கேள்விகளுக்கு, மிகுந்த மரியாதையுடன், உரிமையாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி மூன்று நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் அனுப்பியிருந்தார். அந்தச் சமையலறையில் தன் காலால் நின்ற ஒருவரிடம் பேசுகிறோம் என்ற நம்பிக்கையில்தான் முன்பணம் கட்டினேன்.

நான்காவதாக ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை. வீட்டு விவரத்தின் அடியில், வாகன நிறுத்தத்துக்கும் நாய் அனுமதிக்கும் நடுவே, "தனியார் நீர் வசதி" என்ற பொருளில் இரண்டு சொற்கள் இருந்தன. மலை ஊற்று நீர் என்று மகிழ்ந்து கடந்துவிட்டேன்.

ஒப்பந்தத்தில் யார் யாருக்கு என்ன?

வாரத்துக்கு வாடகை 1,140 பவுண்டு. முன்பதிவின்போது 342 பவுண்டும், மீதி 798 பவுண்டு வருகைக்கு எட்டு வாரம் முன்பும் செலுத்தினோம். மீதியை உரிய நாளில் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். இவை வழக்கமான நிபந்தனைகள். நான் ஒருமுறைக்கு இருமுறை படித்திருக்க வேண்டிய வாக்கியம் வேறு: முகவர் நிலையம் உரிமையாளரின் முகவராக மட்டுமே செயல்படுகிறது, வாடகை ஒப்பந்தம் விருந்தினருக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது என்று அது சொன்னது.

இந்த வாக்கியத்தின் விளைவுகள் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பணத்தை வாங்குபவரும், உறுதிச் சீட்டு அனுப்புபவரும், புன்னகையுடன் தொலைபேசியில் பேசுபவரும் முகவர்தான் என்றாலும், சட்டத்தின் பார்வையில் அவர் எதிர்த்தரப்பின் ஆள். விமானப் பயணமும் தங்குமிடமும் சேர்த்து விற்கப்படும் தொகுப்புப் பயணங்களுக்கு 2018-ஆம் ஆண்டின் விதிமுறைகள் கொடுக்கும் வலுவான பாதுகாப்பு, வெறும் வீட்டு வாடகைக்குக் கிடையாது. வாடகைக் குடியிருப்போர்க்கான பாதுகாப்பும் இல்லை. 1988-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் விடுமுறைக்கால வாடகையை வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. கடன் அட்டையில் கட்டினால் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு துணைநிற்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள கொள்முதல்களில் வங்கியையும் பொறுப்பாக்கும் பிரிவு அது. ஆனால் பணம் பெற்றவர் ஒருவர், சேவை தருபவர் வேறொருவர் என்று ஆகும்போது அந்தச் சங்கிலி நடுவில் அறுந்துவிடக்கூடும். எஞ்சுவது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். சேவை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் தரப்பட வேண்டும், தரப்படாவிட்டால் விலைக் குறைப்புக் கேட்கலாம் என்ற அளவில் அது உதவும்; கேட்க வேண்டியது உரிமையாளரிடம்.

2020-இல் கொரோனா முடக்கத்தின்போது இந்த விவகாரம் நாடளவில் வெடித்தது. தங்கவே முடியாமல் போன வீடுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்ததாக வந்த புகார்களின்பேரில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தலையிட்டது. பெரிய விடுமுறை வீட்டு நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. முகவரிடம் செலுத்திய பணம் எந்த நாளில் உரிமையாளரின் கைக்குப் போகிறது என்ற கேள்வியை, அதுவரை கேட்காதவர்களும் அப்போதுதான் கேட்கத் தொடங்கினார்கள்.

முதல் மூன்று நாட்கள்

வீடு ரோஸ்த்வெய்ட்டுக்கும் சீடோலருக்கும் இடையே, சாலையிலிருந்து சற்று ஏறிப் போகும் இடத்தில் இருந்தது. ஒரு முழத்துக்கும் கூடுதலான கனமுள்ள கற்சுவர், ஸ்லேட் கூரை, கூடத்தில் விறகுக் கணப்பு. படிக்கட்டின் கீழிருந்த அலமாரிக் கதவின் உட்புறத்தில் கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ் ஒட்டப்பட்டிருந்தது. விடுமுறைக்கு விடும் வீடுகளிலும் கேஸ் சாதனங்களை ஆண்டுக்கொருமுறை பதிவுபெற்ற வல்லுநரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டின் விதி. தேதி சரியாகவே இருந்தது. அதே அலமாரியில் எஃகு உருளை போன்ற ஒரு சாதனமும், நீலநிற வடிகட்டிக் கூடும், பச்சை விளக்கு எரியும் சிறு பெட்டியும் இருந்தன. பார்த்தேன், கதவை மூடிவிட்டேன்.

சமையலைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல வேண்டும். முதலாவது, இட்லி மாவு. சனிக்கிழமை இரவு கரைத்து வைத்த மாவு ஞாயிறு காலையில் கரைத்தபடியே கிடந்தது. வீட்டுக்குள் குளிர் அப்படி. மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, ஆங்கிலேயர்கள் துணி உலர வைப்பது, எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் என்று கண்டுபிடித்தவர் அம்மாதான். திங்கட்கிழமை காலையில் மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டாவது, தாளிப்பு. மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்ட மறுகணம் கூடத்தில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. சமையலறையில் இருந்தது வெப்பத்துக்கு மட்டும் ஒலிக்கும் கருவி. அது சும்மா இருந்தது. இடையிலிருந்த கதவை மூடிவிட்டுத் தாளித்தால் போதும் என்று வீட்டுக் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அலறல் ஓய்ந்த பிறகுதான் படித்தோம். வறுத்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. குறிப்பேடு நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. தண்ணீரைப் பற்றி மட்டும், "ஊற்று நீர், சுத்திகரிக்கப்படுகிறது, குடிக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

திங்களன்று பிள்ளைகள் 451 மீட்டர் உயரமுள்ள கேட் பெல்ஸ் குன்றில் ஏறினார்கள். அதன் அடியில், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் உள்ள பிராண்டெல்ஹோ காடு, நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1902-இல் பொதுமக்களின் நன்கொடையால் வாங்கிய இடம். அம்மா அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தர்மாஸிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். இதை எழுதக் காரணம், அதுதான் அந்த வாரத்தின் கடைசி வெயில்.

செவ்வாய் இரவு

போரோடேலின் மேல்முனையில் உள்ள சீத்வெய்ட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்குக்கும் கூடுதல். அதற்குச் சற்று மேலே உள்ள ஹோனிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5-ஆம் தேதி மாலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது பிரிட்டனின் உச்சப் பதிவாக நிற்கிறது. எங்கள் செவ்வாய்க்கிழமை மழை அந்தக் கணக்கில் வராத ஒன்றுதான். ஆனாலும் மாலைக்குள் வயல்களில் நீர் தேங்கி, பள்ளத்தாக்கின் ஒரே வழியான பி5289 சாலை கெஸ்விக் பக்கம் மூழ்கிவிட்டது. இரவு பதினொன்றரை மணி வாக்கில் மின்சாரம் போனது. பள்ளத்தாக்கில் அலைபேசிச் சமிக்ஞை இல்லை. கம்பியில்லா இணையமும் மின்சாரத்துடன் போய்விட்டது. கணப்பில் விறகு இருந்தது. தூங்கிவிட்டோம்.

காலை 6.50 மணிக்குக் கூடத்து மேசையில் இருந்த கம்பியிணைப்புத் தொலைபேசி ஒலித்தது. பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வரும் என்பதால் அது மட்டும் உயிரோடு இருந்தது. (2027 ஜனவரிக்குள் இந்த இணைப்புகள் அனைத்தும் இணையவழி அழைப்புக்கு மாற்றப்பட இருக்கின்றன, மாற்றிய பின் இதே சூழ்நிலையில் என்ன ஆகும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும்.) அழைத்தவர் வீட்டைத் துப்புரவு செய்யும் பெண்மணி. பள்ளத்தாக்கின் மேற்புறத்தில், வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் வசிப்பவர், அறுபதைக் கடந்தவர், அந்த முகவர் நிலையத்தின் ஆறு வீடுகளைப் பார்த்துக்கொள்பவர். "குழாயில் தண்ணீர் வருகிறதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வருகிறது, எந்தக் குறையும் இல்லை என்றேன். "அதுதான் சிக்கல். கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்காதீர்கள்" என்றார்.

காரணத்தை அவர் விளக்கிய பிறகுதான் படிக்கட்டு அலமாரியில் நான் பார்த்தது என்ன என்று புரிந்தது. மலைச்சரிவில் ஊற்று நீரைத் தேக்கும் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் தன் எடையாலேயே வீட்டுக்கு இறங்குகிறது, மோட்டார் கிடையாது. வீட்டுக்குள் நுழையும்போது முதலில் வடிகட்டி வண்டலைப் பிடிக்கிறது, பிறகு எஃகு உருளைக்குள் எரியும் புற ஊதாக் கதிர் விளக்கைக் கடக்கும்போது கிருமிகள் செயலிழக்கின்றன. மின்சாரம் போனால் விளக்கு அணைந்துவிடும். மோட்டார் வைத்த வீடுகளில் அப்போது தண்ணீரும் நின்றுவிடும், யாரும் ஏமாறமாட்டார்கள். இங்கே தண்ணீர் வழக்கம்போல் வந்துகொண்டே இருக்கும். முந்தைய நாள் முழுவதும் ஆடுகள் மேயும் மலைச்சரிவைக் கழுவி இறங்கிய தண்ணீர், எந்தத் தடையுமின்றிக் குழாயில் வரும். பார்ப்பதற்குச் சற்றே கலங்கலாக இருக்கும். இருட்டில் அதுவும் தெரியாது.

அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, பல் துலக்கி, வழக்கம்போல் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் குடித்திருந்தார்.

ஆட்டுச் சாணம் கலந்த மேற்பரப்பு நீரில் அஞ்ச வேண்டியவற்றில் ஒன்று கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி. குளோரின் அதை எளிதில் கொல்லாது. புற ஊதாக் கதிர் அதைச் செயலிழக்கச் செய்யும், கொதிநீர் கொல்லும். உடலுக்குள் போனால் அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் வரை ஆகலாம். ஆக, அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காக லண்டன் திரும்பிய பிறகும் ஒரு வாரம் அம்மாவின் முகத்தைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கவலைப்படவில்லை. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு என்று சொல்லிவிட்டார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

காலை எட்டரை மணிக்கு அந்தப் பெண்மணி தம் உறவினரான விவசாயி ஒருவரின் நான்கு சக்கர மலைவண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். இரண்டு பெரிய கேன் குடிநீர், கைவிளக்கு, புதிய வடிகட்டி ஒன்று, எல்லாம் கொண்டுவந்திருந்தார். மேல்பகுதி வீடுகளுக்கென்று முகவர் நிலையம் அவர் வீட்டுக் கொட்டகையில் இவற்றைச் சேமித்துவைத்திருக்கிறது. மின்தடையைத் தெரிவிக்க 105 என்ற எண்ணை அழைக்கலாம் என்றும், தாம் ஏற்கனவே அழைத்துவிட்டதாகவும் சொன்னார். கேஸ் அடுப்பு இருந்ததால் எங்களால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொள்ள முடிந்தது; மின் அடுப்பு மட்டும் உள்ள வீடாக இருந்திருந்தால் விறகுக் கணப்பின் மேல் கெட்டிலை வைத்துக் காத்திருந்திருப்போம்.

புதன் மாலை மின்சாரம் வந்ததும் பச்சை விளக்கும் எரிந்தது. முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை என்றார் அவர். தண்ணீர் கலங்கலாக இருக்கும்வரை புற ஊதாக் கதிர் அதை ஊடுருவாது. துகள்களின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். தேயிலைத் தூளில் ஊறியது போல் இருந்தது. புதியதைப் பொருத்தினார். மறுநாள் நண்பகலில் வந்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, குழாய்களில் தங்கியிருந்த பழைய நீர் வெளியேற எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, வியாழன் மாலைதான் குடிக்கலாம் என்றார்.

யார் தவறு?

பேச்சுவாக்கில் துப்புரவுப் பெண்மணி சொன்ன ஒரு செய்திதான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். விளக்கு அணைந்தால் தானாகவே தண்ணீரை நிறுத்திவிடும் வால்வு ஒன்று உண்டு. பல வீடுகளில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். இந்த வீட்டிலும் பொருத்தும்படி முகவர் நிலையம் இரண்டு ஆண்டுகளாக உரிமையாளரிடம் கேட்டு வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றே பதில்.

சட்டப்படி, வணிக நோக்கில் பிறருக்கு விடும் வீட்டின் தனியார் நீர் ஆதாரத்தை உள்ளாட்சி மன்றம் ஆண்டுக்கொருமுறையாவது மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கொருமுறை அபாய மதிப்பீடும் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2016-ஆம் ஆண்டின் தனியார் நீர் வழங்கல் விதிமுறைகள் இதைச் சொல்கின்றன. உரிமையாளர் தாமே குடியிருக்கும் தனி வீட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கெஸ்விக் பகுதியில் இந்தப் பொறுப்பு இப்போது கம்பர்லண்ட் மன்றத்துடையது. 2023 ஏப்ரலுக்கு முன் அலர்டேல் மன்றத்துடையதாக இருந்தது. ஆனால் எந்த மாதிரியும் அது எடுக்கப்பட்ட நாளின் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். மழை பெய்து மின்சாரமும் போகும் இரவைப் பற்றிச் சொல்லாது. அந்த இரவைப் பற்றி அறிந்திருந்தவர் அந்தப் பெண்மணி ஒருவர்தான். அவருக்குத் தெரிந்தது குறிப்பேட்டில் ஏறவில்லை. "மின்சாரம் போனால் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்ற ஒரே வரி அடுப்புக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தால் அம்மா அந்தச் சொம்பை எடுத்திருக்கமாட்டார்.

முகவர் நிலையம் அந்த வரியை ஏன் ஒட்டவில்லை? வீடு தங்களுடையதல்ல என்பது ஒரு காரணம். விருந்தினரை அச்சுறுத்தும் அறிவிப்பை உரிமையாளர் விரும்பமாட்டார் என்பது இன்னொன்றாக இருக்கலாம். இத்தகைய நிலையங்கள் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் தரகாகப் பெற்று, அதில் அலுவலகம், விளம்பரம், தொலைபேசியருகே ஓர் ஆள் என எல்லாவற்றையும் நடத்துகின்றன. ஒரு வீடு போனாலும் வருமானத்தில் தெரியும். உரிமையாளர் கோபித்துக்கொண்டு பெரிய நிறுவனத்துக்கு மாறிவிட ஒரு மின்னஞ்சல் போதும். வால்வு பொருத்தாத வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவோம் என்று சொல்லும் வலு சிறிய நிலையத்துக்கு இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒருவேளை பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் அதன் சரிபார்ப்புப் படிவத்தில் அந்த வால்வுக்கு ஒரு கட்டம் இருந்து, அது நிரப்பப்படாதவரை வீடு தளத்தில் ஏறாமலே இருந்திருக்கும். ஆனால் அதே நிறுவனத்தின் அழைப்பு மையத்திலிருந்து புதன்கிழமை காலை 6.50-க்கு எங்களுக்கு யாரும் அழைத்திருக்கமாட்டார்கள். வெள்ளத்தின் மறுபக்கத்தில் தங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கெஸ்விக்கிலிருந்த முகவர் நிலையத்தாராலேயே அன்று வர முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்துக் கிலோமீட்டர் கூடத் தொலைவாகிவிடும் நாட்கள் உண்டு.

பணம் திரும்பிய விதம்

ஊர் திரும்பிய பின் முகவர் நிலையத்துக்கு எழுதினேன். இரண்டு நாள் குடிநீர் இல்லாமல் இருந்ததற்கு விலைக் குறைப்புக் கேட்டேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 163 பவுண்டு என்ற கணக்கில் 326 பவுண்டு. தொலைபேசியில் அவ்வளவு கனிவாகப் பேசிய அதே பெண்மணியிடமிருந்து வந்த பதில் முற்றிலும் வேறு மொழியில் இருந்தது. தாங்கள் உரிமையாளரின் முகவர் மட்டுமே, கோரிக்கையை அவருக்கு அனுப்பியிருக்கிறோம், மின்தடை எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத நிகழ்வு என்பதைக் கருத்தில் கொள்ளவும் என்று அதில் இருந்தது. வருத்தமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்ததைத்தான் அவர் சொன்னார் என்பதும் உண்மை.

மறுமொழியில் நான் மின்தடையைப் பற்றிப் பேசவில்லை. மின்சாரம் போனதற்கு யாரும் பொறுப்பல்ல என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் மின்சாரம் போனால் சுத்திகரிக்கப்படாத நீர் குழாயில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று, அதைத் தடுக்கும் வால்வும் இல்லை, எச்சரிக்கும் குறிப்பும் இல்லை, ஆகவே நியாயமான கவனம் செலுத்தப்படவில்லை என்று எழுதினேன். வால்வைப் பற்றி எனக்கு யார் சொன்னார் என்பதைக் குறிப்பிடாமல் விட்டேன். அலமாரிக்குள் நானே எடுத்த நிழற்படத்தை இணைத்தேன். துப்புரவு செய்யும் பெண்மணியின் வேலைக்கு என்னால் பங்கம் வரக் கூடாது என்பதில் என் மனைவி உறுதியாக இருந்தார். மூன்று வாரம் கழித்து உரிமையாளர் 200 பவுண்டு அனுப்பினார், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில். ஏற்றுக்கொண்டோம். சிறு தொகைக்கான நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் எஞ்சிய 126 பவுண்டில் பாதியையாவது கட்டணமும் அலைச்சலும் தின்றிருக்கும். துப்புரவு செய்த பெண்மணிக்கு அம்மா ஒரு கம்பளிச் சால்வை அனுப்பினார்.

அதன் பிறகு

இரண்டு ஆண்டு கழித்து அதே வீட்டைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். எல்லாக் குறைகளுக்குப் பிறகும் அதே முகவரிடம் ஏன் போனாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். காலை 6.50 மணிக்கு வந்த அந்த அழைப்பை வேறு எங்கே காசு கொடுத்து வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீடு இப்போது பட்டியலில் இல்லை என்றார் முகவர் நிலையப் பெண்மணி. அறைகலன்களுடன் விடுமுறைக்கு விடப்படும் வீடுகளுக்கு, ஆண்டில் 210 நாள் வாடகைக்குத் தயாராக வைத்து 105 நாளாவது விட்டால் கிடைத்துவந்த தனி வரிச்சலுகை 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு கணக்குப் பார்த்த உரிமையாளர், பள்ளத்தாக்கிலேயே வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு வீட்டை நிரந்தர வாடகைக்கு விட்டுவிட்டாராம். விடுமுறை வீடுகளால் ஊர்ப் பிள்ளைகள் குடியிருக்க வீடில்லாமல் வெளியேறுகிறார்கள் என்ற புகார் அங்கே பல ஆண்டுகளாக இருப்பதால், எங்களுக்கு வீடு கிடைக்காததைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள வாய் வரவில்லை. முகவர் நிலையத்துக்கு அது ஒரு வீட்டின் தரகு நட்டம். அவ்வளவையும் அவர் அலுப்பில்லாமல்தான் சொன்னார்.

அந்த வால்வு என்ன ஆயிற்று என்று கேட்டேன். புதுக் குடும்பம் குடிவருவதற்கு முந்தைய வாரம் பொருத்தினார்களாம்.